விண்ணளக்கும் பெருங்கண்ணும் நம்மவர் பங்கும்

விண்மீன் என்னுந் தொடரில் உள்ள ‘மீன்’, ‘மின்’ என்பதன் அடியாகப் பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். மின்னுவதனால் மீன் ஆயிற்று. வானத்தை அண்ணாந்து நோக்கிய நம் முன்னோரின் கண்ணை முதற்கண் கவர்ந்தது அம்மினுக்கமே போலும். ஆயின், இக்கால வானியலறிஞரை வினவின், மீன் மின்னுவதில்லை, மீனுக்கும் நமக்கும் இடையே உள்ள காற்றே அதனை மின்னச் செய்கின்றது என்று விடை கூறுவர். பன்னூறு ஆண்டுகள் வெட்டவெளியினூடே பழுதின்றிப் பயணஞ் செய்த ஒளி, நம் கண்ணை அடைதற்கு முன் கடைசியாகக் கடக்கும் சில கிலோமீற்றர்க் காற்றிலே நெளிந்து நடுங்குகின்றது. அந்நடுக்கத்தையே நாம் அழகென்று போற்றுகின்றோம். புலவனுக்கு அழகாயது வானியலறிஞனுக்கு இடையூறாயிற்று.

அவ்விடையூற்றை நீக்கும் வித்தை ஒன்று கடந்த எழுபது ஆண்டுகளுள் உருவாகி வளர்ந்துள்ளது. அதனைத் தகவமை ஒளியியல் என்று தமிழில் வழங்கலாம். காற்றின் நெளிவுக்குத் தக்கவாறு தன் வடிவைக் கணந்தோறும் மாற்றிக் கொள்ளும் ஆடியே அதன் உயிர்நிலை. யூபிலி மலரிலே தமிழாசிரியன் ஒருவன் இத்தகைய பொருள் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இவ்வித்தையை எந்த ஒரு நாடும் தனித்து நின்று வளர்க்கவில்லை. பல நாட்டார் கூடியே வளர்த்தனர். அக்கூட்டத்திலே தமிழ் பேசும் ஊர்களின் கைவேலையும் இடம்பெற்றுள்ளது. ஊவாத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு அதில் என்றேனும் இடமுண்டா என்னும் வினாவே என்னை எழுதத் தூண்டியது. உண்டு என்பதும், அதற்கு வேண்டுவனவற்றை இன்றே நாம் செய்யத் தொடங்க வேண்டும் என்பதும் என் துணிபு.

முதலில் இடையூற்றின் இயல்பைக் காண்போம். நண்பகலிலே தார்ச்சாலையின் மேல் நோக்கினால் அப்பாலுள்ள மரமும் வீடும் நீரிற் கண்டாற்போல அசைகின்றன. சூடேறிய காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதே அதற்குக் காரணம். இரவிலும் வளிமண்டலத்தில் இத்தகைய கலக்கம் ஓய்வதில்லை. அதனால் எத்துணைப் பெரிய தொலைகாட்டி அமைத்தாலும் விண்மீனின் உருவம் மங்கிப் பரந்தே தோன்றும். பத்து மீற்றர் அகலமுள்ள ஆடி, இருபது சென்ரிமீற்றர் ஆடியினும் மிகுதியான ஒளியைத் திரட்டும். ஆயின், நுணுக்கத்திலே அச்சிறிய ஆடியை விஞ்சாது. கோடிக்கணக்கான பணத்தைச் செலவிட்டுப் பெருங்கண் ஒன்று சமைத்து, அதன் முன் நெளிந்த கண்ணாடியை மாட்டியது போன்ற நிலை அது.

நியூற்றன் பெருமான் 1704ஆம் ஆண்டு வெளியிட்ட தமது ஒளியியல் நூலிலேயே இக்குறையை எடுத்துக் கூறியுள்ளார். உயர்ந்த மலையுச்சிகளில் உள்ள அமைதியான காற்றை நாடுவதன்றி இதற்கு வேறு மருந்தில்லை என்பது அவர் கருத்து. அதன்படியே பிற்காலத்தார் ஹவாய்த் தீவிலும் சிலி நாட்டிலும் கனரித் தீவுகளிலும் மலையேறித் தொலைகாட்டிகளை நிறுவினர். எனினும், மலை காற்றின் ஒரு பகுதியை மாத்திரமே கீழே நிறுத்தும். எஞ்சிய காற்று மேலே இருந்தே தீரும்.

இரண்டரை நூற்றாண்டுகளின் பின், 1953ஆம் ஆண்டிலே, அமெரிக்க வானியலறிஞர் ஹொரஸ் பப்கொக் என்பார் புதியதொரு வழியைக் கூறினார். காற்றைத் தவிர்க்க இயலாதெனின், காற்று செய்த பிழையை அளந்து, அதற்கு நேர்மாறான பிழையை ஆடியிலே நாமே செய்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும் அன்றோ? எண்ணம் எளிது, செய்கை அரிது. தொலைகாட்டிக்குள் வந்த ஒளியின் ஒரு பங்கைச் சிறு வில்லைகள் பல நிரையாகப் பதித்த தட்டொன்றின் வழியே செலுத்துவர். ஒவ்வொரு வில்லையும் ஒரு புள்ளியைத் தோற்றுவிக்கும். புள்ளி தன்னிடத்தினின்று எவ்வளவு விலகிற்று என்பதைக் கொண்டு ஒளியலை அவ்விடத்தில் எவ்வளவு சாய்ந்தது என்பதைக் கணினி கணிக்கும். கணித்தவுடன், மெல்லிய ஆடியின் பின்புறத்தே பொருத்திய சிறு உந்திகளை ஏவி, அவ்விடத்தை மயிரிழையினும் நுண்ணிய அளவு தள்ளவும் இழுக்கவும் செய்யும். இவை அனைத்தும் ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவைகள், சில கருவிகளில் ஆயிரந் தடவைகள் நிகழ்தல் வேண்டும். பப்கொக் காலத்திலே அத்துணை விரைவான கணிப்புக் கருவிகள் இல்லாமையால், அவர் கருத்து நெடுநாள் ஏட்டளவிலேயே நின்றது.

அதன்பின் நிகழ்ந்தவை கூர்ந்து நோக்கற்பாலன. 1970ஆம் ஆண்டுகளிலே அமெரிக்கப் படைத்துறையினர் இவ்வித்தையைக் கையிலெடுத்தனர். வானிற் செல்லும் பிற நாட்டுச் செயற்கைக்கோள்களைத் தெளிவாகப் படம்பிடித்தல் அவர் நோக்கங்களுள் ஒன்று. ஆதலின் கண்டறிந்தவற்றை மறைத்து வைத்தனர். மறுபுறத்தே பிரான்சு நாட்டாரும் ஐரோப்பியத் தென்வான் ஆய்வகத்தாரும் ஒருங்கு சேர்ந்து, 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தென் பிரான்சிலுள்ள 1.52 மீற்றர்த் தொலைகாட்டியிலே பத்தொன்பது உந்திகள் கொண்ட ஆடியைப் பொருத்தி, வானியலுக்கென முதன்முதலாக இதனைச் செயற்படுத்தி வெற்றி கண்டனர். அடுத்த ஆண்டே அக்கருவி சிலி நாட்டிலுள்ள 3.6 மீற்றர்த் தொலைகாட்டிக்குச் சென்றது.

பிறிதொரு தடையும் இருந்தது. காற்றின் நெளிவை அளத்தற்கு ஆராயும் பொருளின் அண்மையிலே ஒளிமிக்க விண்மீன் ஒன்று வேண்டும். வானத்தின் பெரும்பகுதியில் அத்தகைய மீன் இல்லை. லேசர்க் கதிரை மேலே செலுத்திச் செயற்கை விண்மீனை உண்டாக்கலாம் என்று போய், லபெரி என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1985ஆம் ஆண்டிலே வெளிப்படையாக எழுதினர். எரிகற்கள் ஆவியாகி விட்டுச் சென்ற சோடியம் அணுக்கள், நிலத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் உயரத்தில் மெல்லிய படலமாகப் பரந்துள்ளன. மஞ்சள் நிற லேசரால் அவற்றைத் தூண்டினால் அங்கே ஒரு புள்ளி ஒளிரும். இவ்வழியைப் படைத்துறை அறிஞர் முன்னரே கண்டு மூடி வைத்திருந்தனர். வெளியுலகத்தார் தாமே அதனைக் கண்டுகொண்டமையின் மூடி வைத்தலாற் பயனின்றிப் போயிற்று. 1991ஆம் ஆண்டிலே அச்செய்திகள் வெளியிடப்பட்டன. அறிவை ஒளித்து வைத்தோர் சில ஆண்டு முந்தியிருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் உலகெங்கும் அதனை வளர்த்த பெருமை திறந்த வாயிலோடு உழைத்தவர்க்கே உரியதாயிற்று.

இவ்வித்தையால் விளைந்தவற்றுள் இரண்டை மாத்திரம் குறிப்பிடுவேன். நம் பால்வீதியின் நடுவிடத்தே, சூரியனைப் போல் நாற்பது இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று உண்டென்பது இன்று நிறுவப்பட்டுள்ளது. அந்நடுவைச் சுற்றி ஏறத்தாழ பதினாறு ஆண்டுக்கொரு முறை வலம் வரும் விண்மீன் ஒன்றைப் பல்லாண்டு பின்தொடர்ந்து அளந்தே அதனைக் கண்டனர். ஆண்டிரியா கெஸ் அம்மையாரின் குழுவினர் ஹவாயிலிருந்தும், றைன்காட் கென்சல் என்பாரின் குழுவினர் சிலியிலிருந்தும் தனித்தனியே அளந்தனர். இரு குழுவினரும் ஒரே முடிவை அடைந்தனர். 2020ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசிலே இருவரும் பங்கு பெற்றனர். தகவமை ஒளியியல் இன்றேல் அந்த அளவையின் நுட்பம் வாய்த்திராது.

மற்றையது நம் நாட்டார் செவிக்கு இனிய செய்தி. இலங்கையிற் பிறந்து, கனடாவின் தொரொன்ரோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய றே ஜயவர்தன என்னும் அறிஞரும் அவருடன் உழைத்த இருவரும் 2008ஆம் ஆண்டிலே, சூரியனை ஒத்த இளம் விண்மீன் ஒன்றின் அருகே கோள் போன்ற ஒரு பொருளின் உருவத்தை நேரே படம்பிடித்து வெளியிட்டனர். அம்மீன் ஏறத்தாழ ஐந்நூறு ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பின்னர் 2010ஆம் ஆண்டிலே, அப்பொருள் அம்மீனோடு கூடவே செல்லுங் கோள் என்பது உறுதியாயிற்று. அவர்கள் கையாண்ட தொலைகாட்டி ஹவாயிலுள்ள ஜெமினி என்பது. பல நாடுகள் பங்காளராய் நடத்துவது. அதனுடன் இணைந்த தகவமை ஒளியியற் கருவி கனடாவிலே செய்யப்பட்டது. நம் சிறு தீவிற் பிறந்த ஒருவர் பல நாட்டார் சமைத்த கண்ணால் முன்னர் எவரும் காணாததைக் கண்டார். கூட்டுழைப்பின் பயனுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி எழுகின்ற பெருந்தொலைகாட்டிகள் எந்தத் தனி நாட்டின் ஆற்றலுக்கும் அடங்குவன அல்ல. சிலி நாட்டின் ஆர்மசோனஸ் மலையில் ஐரோப்பியர் எழுப்பிவரும் தொலைகாட்டியின் முதலாடி 39 மீற்றர் அகலமுடையது, 798 துண்டுகளாலானது. அதனுள்ளே 2.4 மீற்றர் அகலமும் இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்புமுள்ள ஆடி ஒன்றை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உந்திகள் இயக்கும். யேர்மனியிலே வார்த்த கண்ணாடியைப் பிரான்சிலே தீட்டுகின்றனர். அவ்வாய்வகத்தின் உறுப்பு நாடுகள் பதினாறு. அவற்றுள் அயர்லாந்து, போர்த்துக்கல் போன்ற சிறு நாடுகளும் அடங்கும்.

மற்றொன்று முப்பது மீற்றர்த் தொலைகாட்டி. அமெரிக்கக் கல்விநிலையங்களும் கனடாவும் யப்பானும் இந்தியாவும் அதன் பங்காளர். இந்திய அரசு 2014ஆம் ஆண்டிலே, ஏறத்தாழ பத்திலொரு பங்கினை ஏற்க இசைந்தது. அப்பங்கின் பெரும்பகுதியை இந்தியா பணமாகக் கொடாது பொருளாகவும் உழைப்பாகவும் கொடுப்பதென்பது ஒப்பந்தம். யப்பான் கண்ணாடி வார்க்கும். கனடா தகவமை ஒளியியற் கருவியைச் செய்யும். இந்தியா 492 ஆடித்துண்டுகளுள் ஒரு பகுதியைத் தீட்டும். அதற்கெனப் பெங்களூருக்கு அணித்தாயுள்ள ஹொசகோட்டையிலே பட்டறை ஒன்று நிறுவப்பட்டது. துண்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒத்து நிற்கின்றனவா என்பதை மில்லிமீற்றரின் பத்திலட்சத்திலொரு கூறு அளவிலே உணர்ந்து கூறும் உணரிகளைச் செய்யும் பணி புதுச்சேரியிலுள்ள ஒரு தொழிலகத்துக்குக் கிடைத்தது. தமிழ் வழங்கும் அவ்வூரிலே செய்யப்படும் உறுப்பு உலகின் மாபெருங் கண்களுள் ஒன்றை நேர்நிறுத்தப் போகின்றது.

இத்தகுதி ஒரே நாளில் வந்ததன்று. கிழக்கிந்தியக் கம்பனியார் 1792ஆம் ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைத்தனர். அது பின்னர் கோடைக்கானல் மலைக்கு ஏறிற்று. அங்கே 1909ஆம் ஆண்டிலே, சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் முறையை எவர்செட் என்பார் கண்டறிந்தார். பேரறிஞர் வேணு பாப்பு நல்லிடம் நாடி அலைந்து, வாணியம்பாடிக்கு அப்பால் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தெரிந்தெடுத்தார். 1968ஆம் ஆண்டிலே அங்கு முதலில் நிறுவப்பட்டது 38 சென்ரிமீற்றர் ஆடியுடைய சிறு தொலைகாட்டியே. கோடைக்கானலின் பட்டறையிலே தம்மவர் கையாற் செய்தது. 1986ஆம் ஆண்டிலே அதே மலையில் 2.34 மீற்றர்த் தொலைகாட்டி எழுந்தது. அதன் ஆடி பெங்களூரிலே தீட்டப்பட்டது. பாப்பு அவர்கள் 1982ஆம் ஆண்டிலே காலமாகிவிட்டமையின் அதனைக் காணும் பேறு பெற்றாரல்லர். சிறிய ஆடியைத் தம் கையாலே தீட்டிப் பழகிய மரபினரே பின்னர்ப் பெரிய ஆடியைத் தீட்டும் உரிமை பெற்றனர் என்பதை மறவாதிருத்தல் நன்று.

தகவமை ஒளியியலிலேயே நேரான எடுத்துக்காட்டும் உண்டு. கலிபோர்னியாவின் தொழில்நுட்பக் கல்விநிலையமும், புனே நகரிலுள்ள பல்கலைக்கழகங்களிடை வானியல் மையமும் சேர்ந்து, ‘ரோபோ ஏஓ’ என்னுங் கருவியைச் செய்தன. 2011ஆம் ஆண்டிலே பலோமார் மலையிலுள்ள 1.5 மீற்றர்த் தொலைகாட்டியில் அது பொருத்தப்பட்டது. மிகப் பெருந்தொலைகாட்டிக்கே உரியதென எண்ணப்பட்ட வித்தையைச் சிறு தொலைகாட்டிக்கு, ஆள் துணையின்றித் தானே இயங்குமாறு கொண்டுவந்தமையே அதன் சிறப்பு. கண்ணுக்குப் புலனாகாத புறவூதா லேசரை மேலே செலுத்தி, சில நிமிடங்களில் ஒரு மீனை நோக்கிப் படம்பிடித்து அடுத்ததற்குச் செல்லும். கெப்ளர் விண்கலம் கோளுடையன என ஐயுற்ற விண்மீன்களுள் 715ஐ அது ஆராய்ந்த செய்தி 2014ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. அவ்வாராய்ச்சி ஏட்டிலே கலிபோர்னிய அறிஞரின் பெயர்களோடு புனே அறிஞரின் பெயர்களும் நிரையாக அச்சாகியுள்ளன.

பெயர் அச்சாவதை நான் வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தேயிலையும் பலர் கை சேர்ந்தே உருவாகும் பொருளே. கொழுந்து பறிப்பவர், நிறுப்பவர், வாட்டுபவர், அரைப்பவர், சலிப்பவர், சுவை பார்ப்பவர் எனப் பலர் உழைத்தே ஒரு கோப்பைத் தேநீர் உலகச் சந்தையை அடைகின்றது. ஆயின், பெட்டியின் மேலே தோட்டத்தின் பெயர் இருக்கும், கம்பனியின் பெயர் இருக்கும். கொழுந்து பறித்தவளின் பெயர் இராது. இருநூறாண்டாக நம் மக்கள் உலகத்தோடு கொண்ட உறவு பெயரில்லாத உறவாகவே இருந்துவந்தது. விஞ்ஞானக் கூட்டுழைப்போ, உணரியைச் செய்தவனையும் கணித நிரலை எழுதியவளையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமுடையது. நம் பிள்ளைகள் சென்று சேரவேண்டிய உறவு அத்தகையதே என்பேன்.

இக்கூட்டுழைப்பிலே குறையே இல்லை என்று கூறினால் அது முகமன் ஆகும். முப்பது மீற்றர்த் தொலைகாட்டியை ஹவாயின் மவுனா கேயா மலையில் நிறுவ எண்ணினர். அம்மலை அத்தீவின் பழங்குடி மக்களுக்குத் தெய்வத் தன்மை உடையது. தம் ஒப்புதல் இன்றி மேலும் ஒரு பெருங்கட்டடம் எழுவதை எதிர்த்து அவர்கள் 2015ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் மலைப்பாதையிலே அமர்ந்தனர். முதலில் வழங்கிய அனுமதியை அத்தீவின் உயர்நீதிமன்றம் 2015ஆம் ஆண்டிலே நீக்கிற்று. மீண்டும் வழங்கியதனை 2018ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது. ஆயினும் கட்டடம் எழவில்லை. கனரித் தீவுகளுள் ஒன்றான லா பால்மாவில் அமைப்பதாயின் நானூறு மில்லியன் யூரோ வரை தருவதாக ஸ்பெயின் அரசு 2025ஆம் ஆண்டிலே அறிவித்தது. சிவனொளிபாத மலையைப் பல சமயத்தாரும் தத்தம் முறையிலே வணங்கும் நாட்டினராகிய நமக்கு ஹவாய் மக்களின் உள்ளம் விளங்காததன்று. கரும்புத் தோட்டங்களுக்காகப் பல நாட்டுத் தொழிலாளர் கொண்டுவரப்பட்ட தீவு ஹவாய். மலையைப் பற்றிய முடிவுகள் மலையில் வாழ்வோரைக் கேளாமலே எடுக்கப்படும் வழக்கம் நமக்கும் பழக்கமானதே. பல நாட்டார் கூடினர் என்று கூறும்போது, அந்நிலத்தின் மக்களையும் முதற் பங்காளராகக் கொள்ளாத கூட்டம் முழுமையான கூட்டமாகாது. அறிவு வளர்ச்சியை விரும்புவோரே இதனை உரத்துக் கூறுதல் வேண்டும்.

பிறிதொரு தடையைப் பெற்றோரே எழுப்புவர். நாட்கூலி போதாமல் உழலும் வீட்டுப் பிள்ளைக்கு விண்மீன் எதற்கு என்பர். நியாயமான கேள்வியே. விண்மீனை நோக்கப் பிறந்த இவ்வித்தை கண் மருத்துவத்துக்கும் சென்றுள்ளது என்பது ஒரு விடை. 1997ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் றொச்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தார் தகவமை ஆடியைக் கொண்டு உயிருள்ள மனிதரின் விழித்திரையிலே தனித்தனிக் கலங்களைக் கண்டனர். கண்வில்லையின் பிழையைத் திருத்துவதற்கும் காற்றின் பிழையைத் திருத்துவதற்கும் கணக்கு ஒன்றே. ஆனால் இதனினும் நேரான விடை வேறு. கண்ணாடி தீட்டல், மின்னணுக் கருவி அமைத்தல், கணினிக்கு நிரல் எழுதல், அளவையின் பிழையைக் கணித்தல் ஆகிய நான்கும் வானியலுக்கு மாத்திரம் உரியனவல்ல. எந்நாட்டிலும் சோறு போடும் தொழில்கள். விண்மீனைக் காட்டி அழைத்தால் பிள்ளை இந்நான்கையும் விரும்பிக் கற்கும். என் வகுப்பிலே இலக்கணத்துக்கு எழாத கைகள் கிரகணத்தைப் பற்றிப் பேசும்போது எழுகின்றன.

நம் நிலைமை யாது? யப்பான் அரசு அன்பளிப்பாக வழங்கிய 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி 1996ஆம் ஆண்டு முதலாக மொறட்டுவையில், ஆதர் சி. கிளார்க் நிறுவனத்திலே உள்ளது. அதுவும் நாடுகளின் கூட்டுறவால் வந்ததே. ஆயின், பதுளையிலிருந்து புறப்படும் தோட்டத்துப் பிள்ளை அதனை அடைவதற்கு இடையே உள்ள படிகள் பல. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதே 1970ஆம் ஆண்டுகளில். இன்றும் அவற்றுட் பெரும்பாலானவற்றிலே உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கப்படுவதில்லை. திறமையுள்ள பிள்ளை பசறையிலோ லுணுகலையிலோ நமுனுகுலையிலோ பிறந்தால், பௌதிகம் கற்க வீட்டை விட்டுப் பட்டினம் போதல் வேண்டும். போக இயலாதோர் கலைப்பிரிவிலே அமர்வர். கலைப்பிரிவைத் தாழ்வாகக் கூறுவேனல்லேன். அதிலேயே என் பிழைப்பும் உள்ளது. விரும்பித் தெரிவு செய்வது வேறு, வேறு வாயில் அடைத்திருப்பதால் நுழைவது வேறு என்பதே என் வாதம்.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்தாரின் முன்னே மூன்று கருத்துக்களை வைக்கின்றேன். யூபிலிக் காலங்களில் நுழைவாயில் வளைவு கட்டுவதும், கல்வெட்டிலே நன்கொடையாளர் பெயர் பொறிப்பதும் நம்மிடையே மரபாகிவிட்டன. இம்முறை அந்நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு இருபது சென்ரிமீற்றர் ஆடியுடைய தொலைகாட்டி ஒன்றை வாங்கி, தோட்டந்தோறும் கொண்டுசெல்லும் ஏற்பாடு செய்தல் வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை மேற்கே மழை கொட்டும்போது ஊவாவிலே கச்சான் காற்று வீசி வானம் வெளுத்திருக்கும். லயத்து வாசலில் நின்று காணும் இருண்ட வானம் கொழும்பிலே மாளிகையில் வாழ்வோர்க்குங் கிட்டாத செல்வம். சனியின் வளையத்தை ஒருமுறை தன் கண்ணாலே கண்ட பிள்ளை அதனை எளிதில் மறவாது.

இரண்டாவது, கல்லூரியிலே ஆடி தீட்டும் பட்டறை ஒன்று அமைத்தல். பதினைந்து சென்ரிமீற்றர்க் கண்ணாடித் தட்டுகள் இரண்டும், அராவும் பொடியும், பொறுமையும் இருந்தாற் போதும். பிரெஞ்சு அறிஞர் பூக்கோ ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே கூறிவைத்த சோதனைக்குச் சவர அலகொன்றும் சிறு விளக்கும் மாத்திரமே வேண்டும். அவற்றைக் கொண்டு தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கு அளவான பிழையையும் கண்டுகொள்ளலாம். அளத்தல், திருத்தல், மீண்டும் அளத்தல் என்னும் இச்சுழற்சியைப் பேராடிகளிலே கணினி செய்கின்றது; சிற்றாடியிலே பிள்ளையின் கை செய்யும். கொழுந்தின் இரண்டிலையும் அரும்பும் விரலால் அறிந்து கிள்ளும் தாயின் பிள்ளைகளுக்குக் கைந்நுட்பம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதொன்றன்று.

மூன்றாவது, பொறியியலாளராகவும் மருத்துவராகவும் ஆசிரியராகவும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விளங்கும் பழைய மாணவர், தோட்டப் பாடசாலை மாணவருக்குக் கணிதமும் பௌதிகமும் தமிழிலே கற்பிக்க முன்வருதல். நேரில் வர இயலாதோர் கணினி வழியே கற்பிக்கலாம். பதுளையிலே 2005ஆம் ஆண்டு தொடங்கிய ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தாரின் துணையையும் நாடலாம். ஐரோப்பிய ஆய்வகமும் ஹவாயின் கெக் ஆய்வகமும் தம் தொலைகாட்டிகள் எடுத்த படங்களைக் குறித்த காலம் கழிந்தபின் எவரும் எடுத்து ஆராயுமாறு திறந்து வைத்துள்ளன; பெங்களூர் அறிஞர் முப்பது மீற்றர்த் தொலைகாட்டியின் தகவமை ஒளியியலுக்கு வழிகாட்டும் விண்மீன்களின் பட்டியலை ஆக்குங் கருவியை 2024ஆம் ஆண்டிலே எவர்க்கும் பயன்படுமாறு வெளியிட்டனர். வாயில் திறந்தே உள்ளது. உள்ளே புகுதற்கு வேண்டிய மொழி கணிதம். அதனை விளங்கக் கூறுதற்கு வேண்டிய மொழி தமிழ். கலைச்சொல் ஆக்கித் தரும் பணியிலே என் போன்ற தமிழாசிரியர் பின்நிற்கமாட்டார் என உறுதி கூறுவேன்.

ஞாயிற்றின் செலவையும் கோள்களின் நிலையையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று மேடைதோறும் பேசுகின்றோம். பேசுதல் தவறன்று. ஆயின், முன்னோர் தம் காலத்துக் கருவிகளைக் கொண்டு தம் காலத்து வானத்தை அளந்தனர். அவர் வழிவந்தோம் என்பதற்கு அடையாளம், நம் காலத்துக் கருவிகளிலே நம் கையும் படுவதேயாகும். இப்பொழுது ஏழாம் வகுப்பிலே வாய்ப்பாடு ஒப்புவிக்கும் பிள்ளை கற்றுத் தேறும் வேளையிலே அப்பெருந்தொலைகாட்டிகள் முழுவேகத்தோடு உழைத்துக்கொண்டிருக்கும். அவற்றின் ஏடுகளிலே அச்சாகும் நீண்ட பெயர்நிரையில் ஊவாத் தோட்டமொன்றிலே பிறந்த ஒருவரின் பெயரும் காணப்பெறின், கல்லில் எழுதிய எந்தப் பெயரினும் அது நம் கல்லூரிக்குப் பெருமை தரும். சங்கத்தார் இதனைச் சிந்திப்பாராக.